சுவரில் ஒட்டியிருந்த 48 மணி நேரம்: செஃப்ட்ரியாக்ஸோன், ஆர்.எல்., ஒரு பழைய தாள்

நோயாளிகள், ஊழியர்கள், மருத்துவமனை ஆகியோரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு தாலுகா நகரில் உள்ள தனியார் மருத்துவமனை. ஃபார்மசி இரவு பகலாகத் திறந்திருக்கும். இரவில் ஒரே ஒரு மருந்தாளுநர். மருந்துத் தகவலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. வார்டிலிருந்து கேள்வி வந்தால், பில் போட்டு மருந்து எடுத்துக் கொடுப்பவரே பதிலையும் தேட வேண்டும்.

அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை நான்கு. காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் வெளியிடும் தேசிய ஃபார்முலரி (மருந்துகளின் அளவையும் பயன்பாட்டையும் தரும் நூல்), அதாவது என்.எஃப்.ஐ. யாரோ விட்டுச் சென்ற பி.என்.எஃப்., அதாவது பிரிட்டனின் தேசிய ஃபார்முலரி, 52ஆம் பதிப்பு, அட்டையில் 2006 செப்டம்பர் என்று இருந்தது. பிராண்டு பெயர்களையும் விலைகளையும் அடுக்கித் தரும் ஒரு கையேடு. இணைய இணைப்புள்ள பில்லிங் கணினி. பணம் கட்டிப் பார்க்கும் தகவல் தளம் எதிலும் மருத்துவமனை சந்தா சேரவில்லை. இந்த அளவு மருத்துவமனைகளில் இதுதான் வழக்கம் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் தேவைப்பட்ட பதில் இலவசமாகவே கிடைத்தது. தாமதமும் குழப்பமும் வந்தது வேறு இடத்தில்.

ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் மேசைக்கு மேலே லேமினேட் செய்த தாள்கள் தொங்கின. அவற்றில் ஒன்று செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து பற்றியது: “செஃப்ட்ரியாக்ஸோன் கொடுத்து 48 மணி நேரத்துக்குள் கால்சியம் உள்ள ட்ரிப் எதுவும் ஏற்றக் கூடாது. எல்லா வயதினருக்கும்.” தேதி இல்லை. யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்பதும் இல்லை. வெயில் பட்டு ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. தாளின் வயதுக்கு அது ஒன்றுதான் சான்று.

கேள்வி வந்த விதம்

சிறுநீரகத் தொற்றோடு காய்ச்சலும் நடுக்கமுமாக 54 வயதுப் பெண் ஒருவர் காலையில் சேர்க்கப்பட்டார். அவசரப் பிரிவிலேயே 10 மணிக்கு செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் கொடுக்கப்பட்டது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடரும்படி மருத்துவர் எழுதினார். ரத்த அழுத்தம் 100/60 இருந்ததால் 11 மணிக்கு ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்., கால்சியம் உள்ள ட்ரிப் திரவம்) தொடங்கப்பட்டு, மணிக்கு 100 மி.லி. வீதம் ஓடிக்கொண்டிருந்தது.

இரவு 10 மணி டோஸுக்கு வயலை எடுத்த செவிலியர் தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். 10.20க்கு ஃபார்மசிக்குப் போன் வந்தது. “சார், போர்டுல ஒண்ணு இருக்கு, டாக்டர் ஒண்ணு எழுதியிருக்கார். டோஸை நிறுத்தி வெச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?”

“ஃப்ளஷ் பண்ணிட்டுக் குடுக்கலாம் சிஸ்டர்” என்பதுதான் மருந்தாளுநரின் முதல் பதில்; லைனை இடையில் கழுவிவிட்டு என்று பொருள். “எவ்வளவு, எதை வெச்சு? இந்த செட்லயே போடலாமா? எழுதிக் குடுங்க சார்” என்றார் செவிலியர். அவர் கேட்டது நியாயம். வாய்வழிப் பதில் உள்ளடக்கத்தில் சரிதான். ஆனால் அது நினைவிலிருந்து வந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து ஏற்ற முடியாது.

கவனித்தவை

மருந்தாளுநர் முதலில் நோயாளியின் ட்ரிப் சார்ட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்று உடனே தெரிந்தது. தாள் சரியென்றால், காலை 10 மணிக்கு மருந்து போன பிறகு 11 மணிக்கு ஆர்.எல். தொடங்கியதே தவறு, இரவு டோஸை மட்டும் நிறுத்துவதால் எதுவும் சரியாகிவிடாது. 11 மணி நேரமாகத் தாள் மீறப்பட்டுக்கொண்டிருந்தது, யாருக்கும் அது உறைக்கவில்லை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது: இந்த வயது நோயாளிக்கு, இந்த இரண்டையும், எந்த வரிசையில், எந்த லைனில் கொடுக்கலாம்?

ஆர்.எல். பாட்டிலின் லேபிளில் 100 மி.லி.க்கு கால்சியம் குளோரைடு 0.027 கிராம் என்று இருந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிமோல் கால்சியம். செஃப்ட்ரியாக்ஸோனோடு கால்சியம் சேர்ந்தால் கரையாத உப்பு உண்டாகும். சில நேரம் வெண்மூட்டமாகத் தெரியும், சில நேரம் கண்ணுக்கே தெரியாது. “கலங்கலையே, அப்புறம் என்ன” என்பது வார்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. தெளிவாக இருப்பதை வைத்துப் படிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அடுத்து, கையில் இருந்த ஆதாரங்கள். பி.என்.எஃப். 52ஐத் திறக்காமலே திருப்பி வைத்தார். கால்சியம் குறித்த எச்சரிக்கை 2007இல் வந்தது, புத்தகம் 2006இல் அச்சானது. அதில் ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்றால் ‘ஆபத்தில்லை’ என்று வாசித்துவிடும் அபாயம் இருக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே பழைய பதிப்புகளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. மதிப்பான பெயர் தாங்கிய பழைய புத்தகம் பெயரில்லாத தாளைவிட அதிகமாக ஏமாற்றும். என்.எஃப்.ஐ. அளவையும் இடைவெளியையும் உறுதிப்படுத்தியது. எந்த லைனில், எதைக் கொண்டு கழுவி என்ற அளவுக்கு ஃபார்முலரிகள் பொதுவாக எழுதப்படுவதில்லை, அதை அவற்றிடம் எதிர்பார்க்கவும் கூடாது. பிராண்டு கையேட்டில் ஒரே வரி: கால்சியத்தோடு சேர்க்க வேண்டாம். வயது இல்லை, நேரம் இல்லை.

செஃப்ட்ரியாக்ஸோன் டப்பாவுக்குள் இருந்த மடிப்புத் தாள் நீளமாக, பொடி எழுத்தில் இருந்தது. 48 மணி நேரம் அதிலும் இருந்தது; எப்போது திருத்தப்பட்டது என்பது இல்லை. கைபேசியில் தேடியபோது பக்கத்தின் உச்சியில் வந்த சுருக்கமும் 48 மணி நேரம் என்றது. ஆக, சுவர், டப்பா, கைபேசி மூன்றும் ஒன்றையே சொல்லின. இதைப் பார்த்துவிட்டு ‘மூன்று இடத்தில் ஒத்துப்போகிறது’ என்று நின்றுவிட்டிருக்கலாம். மூன்றும் ஒரே பழைய ஊற்றிலிருந்து மொண்டவை என்பது அடுத்த கட்டத்தில்தான் தெரிந்தது.

48 எங்கிருந்து வந்தது

கால்சியம் கலந்த திரவங்களோடு செஃப்ட்ரியாக்ஸோன் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சிலர் இறந்தனர்; நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு காணப்பட்டது. அதையொட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. இறந்தவை குழந்தைகள், ஆனாலும் முன்னெச்சரிக்கையாக, எந்த வயதினருக்கும் கடைசி டோஸுக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் கால்சியத் திரவம் கூடாது என்று அப்போது சொல்லப்பட்டது. 48 என்பது ஒரு கணக்கு. பெரியவர்கள் உடலில் இந்த மருந்தின் அரைவாழ்வு (மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) அதிகபட்சம் 8 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். ஐந்து அரைவாழ்வு என்றால் 40 மணிக்கு மேல். யாருக்கும் 47ஆம் மணியில் படிவு வந்ததைக் கண்டு எழுதிய எண் அல்ல.

பிறகு பச்சிளங்குழந்தைகளின் பிளாஸ்மாவிலும் பெரியவர்களின் பிளாஸ்மாவிலும் ஆய்வகச் சோதனைகள் நடந்தன. அவற்றைப் பார்த்து 2009 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. தன் அறிவிப்பைத் திருத்தியது. 28 நாளுக்கு மேற்பட்டவர்களுக்கு, இடையில் லைனை நன்றாகக் கழுவினால், ஒன்றன் பின் ஒன்றாகக் கொடுக்கலாம். 28 நாள் வரையிலான குழந்தைக்குக் கால்சியம் உள்ள ட்ரிப் தேவைப்பட்டால், அல்லது தேவைப்படும் என்று தோன்றினால், செஃப்ட்ரியாக்ஸோனே கூடாது. வார்டுத் தாள் 2007க்கும் 2009க்கும் இடையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய நாளில் அது சரியான தாள்தான்.

மருந்தாளுநர் இதை இரண்டு இடத்தில் சரிபார்த்தார். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் தளத்தில் லேபிளைத் திறந்தால் திருத்திய மாதமும் ஆண்டும் தெரியும். பிரிட்டனின் இ.எம்.சி. தளத்தில் உள்ள தயாரிப்புக் குறிப்புகளுக்கு எண்ணிட்ட பிரிவுகள் உண்டு: கூடாதவை 4.3இல், எச்சரிக்கை 4.4இல், பிற மருந்துகளோடு ஊடாடுவது 4.5இல், கலக்கக் கூடாதவை 6.2இல், கையாளும் முறை 6.6இல், திருத்திய தேதி 10இல். இரவில் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருப்பது பத்து நிமிடம் மிச்சம். பிரிவு 10ஐ முதலில் பார், பிறகு மேலே போ என்பது நல்ல பழக்கம்.

இரண்டும் ஒரு இடத்தில் வேறுபட்டன. ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது என்பதை அமெரிக்க லேபிள் ஒய் இணைப்பை, அதாவது இரண்டு குழாய்கள் ஒரே லைனில் சேரும் இடத்தை, சுட்டிச் சொல்கிறது. பிரிட்டன் குறிப்பு கூடுதல் கண்டிப்பு: தனி லைனாக இருந்தாலும், வேறு கையாக இருந்தாலும், ஒரே நேரத்தில் கூடாது. இந்த வேறுபாடு அன்று முக்கியமாயிற்று. நோயாளிக்கு இரண்டு கையிலும் கேனுலா இருந்தது, “அந்தக் கையில ஆர்.எல். ஓடட்டும், இந்தக் கையில போட்டுடவா?” என்று செவிலியர் கேட்டிருந்தார்.

எடுத்த முடிவு

கண்டிப்பான குறிப்பைப் பின்பற்றுவது என்று மருந்தாளுநர் பணி மருத்துவரிடம் சொன்னார். காரணம் எளிது: அதைப் பின்பற்றினால் இழப்பது ஆர்.எல். ஓட்டத்தில் சுமார் 40 நிமிடம். அந்த நேரத்திலும் மருந்து கலந்த 100 மி.லி. சலைன் உள்ளே போய்க்கொண்டிருக்கும், ரத்த அழுத்தமும் அதற்குள் 110/70 ஆகியிருந்தது. ஆன்டிபயாடிக்கை மாற்றுவதும் பேச்சில் வந்தது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை ஒரு தாளுக்காக மாற்றத் தேவையில்லை என்று மருத்துவர் விட்டுவிட்டார். ஆர்.எல்.லை முழுக்க நிறுத்திச் சலைனுக்குப் போவதையும் அவர் விரும்பவில்லை.

11.35க்கு எழுத்தில் போன பதில் இது. ஆர்.எல். கிளாம்பை மூடி, த்ரீ-வே (லைனில் உள்ள மூன்று வழித் திருகு) அருகே செட்டைக் கழற்றி, நுனிக்குப் புது மூடி போடவும். மூடி இல்லையென்றால் பிறகு புது செட். த்ரீ-வே வழியாக 0.9% சலைன் 10 மி.லி. செலுத்திக் கழுவவும். 1 கிராம் வயலை அதனோடு வரும் 10 மி.லி. ஊசி நீரில் கரைக்கவும், ஆர்.எல்.லில் கரைக்கவே கூடாது. அதை 100 மி.லி. சலைன் பாட்டிலில் சேர்த்து, புது ஐ.வி. செட்டில், 30 நிமிடத்தில் ஏற்றவும். முடிந்ததும் மறுபடி 10 மி.லி. சலைன். பிறகு ஆர்.எல்.

புது செட் என்பதைத் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். வழக்கமாகத் தவறுவது அங்கேதான். ஆர்.எல். பாட்டிலை உருவிவிட்டு அதே செட்டில் மருந்து பாட்டிலைக் குத்துவார்கள். செட்டின் சேம்பரிலும் குழாயிலும் 15 முதல் 20 மி.லி. வரை ஆர்.எல். தங்கியிருக்கும், த்ரீ-வேயில் செலுத்தும் 10 மி.லி. அதற்குக் கீழே உள்ள பகுதியையும் கேனுலாவையும் மட்டும்தான் கழுவும். இன்னொரு வழுக்கல், இரண்டு செட்டையும் த்ரீ-வேயில் மாட்டி வைத்துக் குமிழை மட்டும் திருப்புவது. குமிழ் பாதியில் நின்றால் இரண்டு வழியும் திறந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

11.45க்கு மருந்து தொடங்கி 12.15க்கு முடிந்தது. டோஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டாவது டோஸ் என்பதால் இது பெரிய கேடாக முடியவில்லை. சேர்ந்த உடன் போக வேண்டிய முதல் டோஸ் இப்படி நின்றிருந்தால் கதை வேறு.

அதன் பின் நடந்தது

நோயாளிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பாடம் அதற்குப் பின்னால் வந்தது. இரவு நடந்ததைக் கேள்விப்பட்ட நர்சிங் பொறுப்பாளர், மறுநாள் காலையிலேயே எல்லா வார்டிலிருந்தும் அந்தத் தாளைக் கழற்றச் சொன்னார். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்தும் கழற்றினார்கள். புதுத் தாள் தயாராகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிரிவிலிருந்து ஒரு இண்டென்ட், அதாவது மருந்து கேட்புச் சீட்டு, வந்தது: 9 நாள் குழந்தை, தொற்று சந்தேகம், செஃப்ட்ரியாக்ஸோன். அதே இண்டென்டில் மூன்று வரி கீழே கால்சியம் குளுகோனேட் 10%, பராமரிப்புத் திரவத்தில் சேர்க்க. குழந்தைக்கு மஞ்சள் காமாலையும் இருந்தது. அந்த மருத்துவர் புதிதாகச் சேர்ந்தவர், பெரியவர்கள் வார்டிலிருந்து அன்று மாற்றுப் பணிக்கு வந்தவர். வயலைக் கையில் எடுத்த மருந்தாளுநர் வயதைப் பார்த்து நிறுத்திப் போன் செய்தார். இங்கே கால்சியம் மட்டும் தடை அல்ல. செஃப்ட்ரியாக்ஸோன், ரத்தப் புரதமான ஆல்புமினில் ஒட்டியிருக்கும் பிலிருபினை (காமாலையின் மஞ்சள் நிறமி) தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும்; காமாலையுள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்தக் காரணத்தாலும் கூடாது. குழந்தை மருத்துவர் செஃபோடாக்ஸிமுக்கு மாற்றினார். மருந்து குழந்தைக்குப் போகவில்லை.

பெரியவர்கள் வார்டில் தவறாக இருந்த தாள், பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஏறக்குறைய சரியாக இருந்தது. ‘காலாவதியான தகவல்’ என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கியபோது, அது யாருக்குக் காலாவதி என்று யாரும் கேட்கவில்லை. முதல் இரவின் தேடல் நன்றாக நடந்தது, அதன் பதிலும் சரி. ஆனால் அந்தப் பதில் ‘28 நாளுக்கு மேற்பட்டவர்களுக்கு’ என்று தொடங்கியதை விட்டுவிட்டு மீதிப் பாதியைத்தான் மருத்துவமனை செயல்படுத்தியது.

மாற்றியவை

அந்த வாரமே சுவர்த் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார்கள். தேதியோடு இருந்தது ஒன்றே ஒன்று. ‘குழந்தைகள் காய்ச்சல் மருந்து அளவு’ என்ற தாளில் நிமெசுலைடு சிரப் அளவு இருந்தது. 12 வயதுக்குட்பட்டோருக்கு அந்த மருந்தை இந்திய அரசு 2011இலேயே தடை செய்துவிட்டது. ஃபார்மசியில் அந்த சிரப் இருப்பே இல்லை என்பதால் தாள் பல்லில்லாத பாம்பாகத் தொங்கியிருக்கிறது.

இப்போது எந்தத் தாளும் நான்கு விவரம் இல்லாமல் ஒட்டப்படுவதில்லை: எந்த வயது அல்லது எந்த நோயாளிக்கு, எந்த ஆதாரம், அந்த ஆதாரத்தின் திருத்தத் தேதி, தாளை மறுபடி பார்க்க வேண்டிய தேதி. பழையதைக் கழற்றுபவர் கையில் புதியது இருக்க வேண்டும். செஃப்ட்ரியாக்ஸோனுக்கு இரண்டு தாள்; பச்சிளங்குழந்தைப் பிரிவின் தாள் வேறு நிறம்.

ஃபார்மசியில் ஒரு பதிவேடு வைத்தார்கள். கேட்டவர், நேரம், நோயாளியின் வயது, எடை, ஓடும் மற்ற மருந்துகள், பார்த்த ஆதாரமும் அதன் தேதியும், கொடுத்த பதில், மறுநாள் என்ன ஆயிற்று. முதல் மாதம் யாரும் கடைசிக் கட்டத்தை நிரப்பவில்லை. காலைப் பணிக்கு வருபவர் முந்தைய இரவின் வரிகளை முடித்துவிட்டுத்தான் கவுன்டரைத் திறக்க வேண்டும் என்று வைத்த பிறகு நிரம்பியது.

ஆதாரங்களுக்கும் ஒரு வரிசை வந்தது. அளவுக்கு என்.எஃப்.ஐ. ஊசி மருந்தின் கரைப்பு, லைன், கூடாதவை ஆகியவற்றுக்கு டெய்லிமெட், இ.எம்.சி. இரண்டும், வேறுபட்டால் இரண்டையும் எழுதி, எது ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு வரி. பாலூட்டும் தாய்க்கு லாக்ட்மெட் என்ற இலவசத் தகவல் தளம். இந்தியத் தடை, எச்சரிக்கைகளுக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. தளம், வெளிநாட்டு லேபிள்கள் இதைச் சொல்லாது, நிமெசுலைடு அதற்குச் சாட்சி. பக்கவிளைவைப் பதிவு செய்ய பி.வி.பி.ஐ. (இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம்) இலவச எண் 1800-180-3024 தொலைபேசிக்கு மேல் ஒட்டப்பட்டுள்ளது. பிராண்டு கையேடு பிராண்டைக் கண்டுபிடிக்க மட்டும். தேடல் சுருக்கம் இந்த வரிசையிலேயே இல்லை; அது காட்டும் இணைப்பைத் திறந்து தேதி பார்த்தால் அந்த இணைப்பு ஆதாரம். பி.என்.எஃப். 52 பழைய காகிதக் கடைக்குப் போயிற்று.

இன்னும் முடியாத ஒன்று உண்டு. கால்சியம் கலந்த சத்துத் திரவம் நரம்பு வழியாக இடைவிடாமல் ஓடும் தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு ‘நிறுத்தி, கழுவி, மறுபடி தொடங்கு’ என்பது எளிதல்ல. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் லைனில் தொற்று ஏறும் வாய்ப்பு. அத்தகையவர்களுக்கு வேறு ஆன்டிபயாடிக்கை யோசிக்கலாம் என்று பிரிட்டன் குறிப்பு சொல்கிறது. மருத்துவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து வராததால் அதற்குத் தாள் எதுவும் ஒட்டப்படவில்லை. அந்த இண்டென்டுகள் இப்போதும் ஒவ்வொன்றாகப் போன் செய்துதான் முடிவாகின்றன.